கணக்கில் மட்டும் தேறியவர் வீட்டு வாசலில், கணக்கில் மட்டும் தவறியவர்!

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாகத்தான் சூடு பிடிக்கும். காலை ஒன்பது மணி. பதினோரு நிலை ராஜகோபுரத்தின் நிழல் இன்னும் தெருவை விட்டு முழுசாக விலகவில்லை. துளசி மாலை கட்டும் பெண்கள், கோயிலுக்கு முன்னால் வேனில் வந்து இறங்கும் குடும்பங்கள், 'டிகிரி காபி எங்க நல்லாருக்கும்?' என்று விசாரிக்கும் வெளியூர்க்காரர்கள். ஓட்டுக் கூரையும் திண்ணையுமாக இருக்கும் அந்தச் சின்ன வீட்டை, பலகையைப் படிக்காவிட்டால் எவரும் கடந்துதான் போவார்கள். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அது.

அந்த வாசலில் ஒரு பெண் நிற்கிறார். தோளில் துணிப்பை. உள்ளே ஒரு நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில், ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்ட போன். வயது 32. இரண்டு தெரு தள்ளி ஒரு ஜவுளிக் கடை மாடியில் பத்து மணிக்கு கணக்கு டெமோ கிளாஸ். சீக்கிரம் வந்துவிட்டதால் இங்கே நிற்கிறார். வகுப்புக்குப் போகலாமா, அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறார்.

"இவரு கணக்குல மட்டும் பாஸ், மத்ததுல எல்லாம் ஃபெயில். நான் மத்ததுல எல்லாம் பாஸ், கணக்குல மட்டும் ஃபெயில். ஒரே ஊர்தான், பாருங்க" என்று சிரிக்கிறார்.

பெயர் வெளியே வர வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. தேர்வில் தேறிய பிறகு போட்டோவோடு போட்டுக்கொள்ளலாமாம்.

58 மார்க்

2010 மார்ச். பிளஸ் டூ கணக்குத் தேர்வு. அப்போது ஒரு பாடத்துக்கு 200 மார்க், தேற 70 வேண்டும். அவர் எடுத்தது 58. மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டார். தமிழில் நல்ல மார்க். ஜூனில் மறுபடி எழுதலாம் என்று இருந்தபோது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அடுத்த வருடம் வரன் வந்தது. தாராசுரத்தில் கல்யாணம், குழந்தை. 58 மார்க் ஷீட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விட்டது.

இப்போது பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறார். கும்பகோணம் பித்தளைக்குப் பேர்போன ஊர். இங்கே பாத்திரம் எடை போட்டுத்தான் விற்பார்கள். குத்துவிளக்கு மூன்றே கால் கிலோ, கிலோவுக்கு இவ்வளவு; பழைய அண்டாவைப் போட்டுப் புதுசு எடுத்தால் பழசுக்கு இவ்வளவு கழிவு; அதில் முதலாளி மனது வைத்து இரண்டு சதவிகிதம் தள்ளுபடி. கால்குலேட்டரில் விரல் போவதற்குள் அவர் வாயில் தொகை வந்துவிடும். கல்யாண சீர்வரிசை எடுக்க வருகிறவர்கள், 'அந்த அக்காகிட்டயே பில் போட்டுக்கறோம்' என்று நின்று வாங்குவார்களாம். அப்படிப்பட்டவர் தாளில் அதே கணக்கைப் பார்த்தால் கை நின்றுவிடும் என்கிறார். "கடையில கேட்டா வருது. கேள்வித்தாள்ல கேட்டா வரலை."

மாதச் சம்பளம் 9,500 ரூபாய். கணவர் சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறார்; அதற்கு இன்னும் தவணை ஓடுகிறது. மகள் ஏழாம் வகுப்பு. வீட்டில் மாமியார்.

எதற்காக இப்போது கணக்கு? டி.என்.பி.எஸ்.சி குரூப் 4. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அரசு வேலைக்குப் போவதற்கான பெரிய வாசல் அதுதான். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் எல்லாம் அந்த ஒரு தேர்வில் அடக்கம். 2025-ல் ஜூலை 12-ம் தேதி நடந்த தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். 200 கேள்வி, 3 மணி நேரம், 300 மார்க். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, மீதி 25 கணக்கும் புத்திக்கூர்மையும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க் என்பதால் கணக்குப் பகுதி மட்டும் 37.5 மார்க். இத்தனை பேர் மோதுகிற இடத்தில் ஒன்றரை மார்க்கிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் முன்னும் பின்னும் ஆகிவிடுவார்கள். 37 மார்க்கை விட்டுவிட்டு உட்கார முடியாது.

அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பத்தாம் வகுப்புத் தகுதியோடு இளநிலை உதவியாளர் மாதிரியான பணிகளுக்கு அவர் 34 வயது வரைதான் எழுத முடியும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பை முடித்திருந்தால் அந்த வகுப்பினருக்கு வயது வரம்பே கிடையாது. ஆக, 2010-ல் போன அந்த 12 மார்க் இப்போது இரண்டாவது முறையாக அவர் கழுத்தைப் பிடிக்கிறது. 'பிளஸ் டூ கணக்கையே தனித்தேர்வராக எழுதிவிடேன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் படித்த புத்தகமே இப்போது இல்லை. 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டம் மாறிவிட்டது. கையில் இருப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு வாய்ப்பு.

ராத்திரி பதினோரு மணி வகுப்பு

ஆறு மாதமாக அவர் படித்தது போனில். கடை விட்டு வீடு வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். சாப்பாடு, பாத்திரம், மறுநாள் மகளின் யூனிஃபார்ம் எல்லாம் முடித்துப் பதினோரு மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காதில் இயர்போன் மாட்டினால் வகுப்பு ஆரம்பம்.

இலவசத்துக்குக் குறைவே இல்லை. அரசின் அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி 'எய்ம் டி.என்' என்ற யூடியூப் சேனலில் போட்டித் தேர்வு வகுப்புகளைப் போட்டு வைத்திருக்கிறது. பள்ளிப் பாடப்புத்தகம் மொத்தமும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். தனியார் ஆப் ஒன்றில் கணக்கு, பொது அறிவு, தமிழ் எல்லாம் சேர்த்து 2,999 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ். அதையும் மகளிர் குழுவில் வாங்கிய கடனில் கட்டிவிட்டார்.

ஆன்லைனை அவர் ஒருபோதும் குறை சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "சார் வேகமா போனா நிறுத்திக்கலாம். புரியலைன்னா பத்து தடவை கேட்கலாம், அவருக்குக் கோபம் வராது. யாரும் திரும்பிப் பார்த்து சிரிக்க மாட்டாங்க. நடுவுல பால் பொங்குச்சுன்னா ஓடிப் போய் அடுப்பை அணைச்சுட்டு வரலாம்." பதினைந்து வருடம் கழித்துப் படிக்க வருகிற ஒருவருக்கு அந்தத் தனிமை சின்ன சலுகை அல்ல. வகுப்பறை என்றாலே வயிற்றைப் பிசைகிறவர்கள் முதல் அடி எடுத்து வைக்க அதுதான் சரியான இடம். பொது அறிவும் தமிழும் அப்படித்தான் அவருக்கு நன்றாக வந்தன. மாதிரித் தேர்வில் தமிழில் நூற்றுக்கு எண்பது தாண்டுகிறார்.

கணக்கு மட்டும் நகரவில்லை. நாற்பது வீடியோ பார்த்தாகிவிட்டது. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அடுத்த நாள் தானாகப் போட்டால் விடை வரவில்லை. மாதிரித் தேர்வில் 25-க்கு ஆறு, ஏழு, மறுபடி ஆறு. ஆப் ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று காட்டி, சரியான விடையையும் வழிமுறையையும் கீழே போடுகிறது. அவர் அதைப் பார்த்து 'ஓ, இப்படியா' என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். மறுநாள் அதே கதை.

அப்போதுதான் கடைக்கு எதிரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. ஞாயிறு தோறும் நேரடி வகுப்பு. முழு கோர்ஸ் 9,000. கணக்கு மட்டும் என்றால் 3,500. முதல் வகுப்பு இலவசம்.

தஞ்சாவூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் காசில்லாமலே நேரடியாகச் சொல்லித்தருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது 40 கிலோமீட்டர். போய்வரக் கடைக்கு லீவு போட வேண்டும். முகூர்த்த மாதத்தில் பாத்திரக் கடையில் லீவு கேட்பதும் வேலையை விடுவதும் ஒன்றுதான்.

ஜன்னலோரம் ஒரு கட்டில்

டெமோ வகுப்புக்கு நேரம் இருக்கிறது. வீட்டுக்குள் போகிறார். ஏழாம் வகுப்பில் டீச்சர் கூட்டிவந்தபோது பார்த்ததுதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் முறை இந்தத் தெருவில் நடந்திருக்கிறார், படி ஏறியதில்லை. உள்ளூர்க்காரர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

சின்ன வீடு. தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு குறுகிய அறை, அதில் ஒரு கட்டில். கூடத்தில் ராமானுஜனின் மார்பளவுச் சிலை. பின்னால் சமையலறை, கிணறு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவகமாகப் பராமரிக்கிறது. 2003-ல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். பிரமாண்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அதைக் குறை என்று சொல்ல முடியாது. இத்தனை சின்ன இடமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயமே.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் தாத்தா வீட்டில் பிறந்த ராமானுஜன் வளர்ந்தது இங்கேதான். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். அந்த மாணவர்களிடம் கேட்டுக் கேட்டே சிறுவன் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கறந்துவிட்டான் என்பது ஊரறிந்த கதை. நடக்கிற தூரத்தில் இருக்கும் டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு வாங்கினார். அதற்கு முன்பே அவர் கையில் ஒரு புத்தகம் வந்து சேர்ந்திருந்தது. ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்தது. சுமார் 5,000 கணித முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருக்கும். விளக்கமோ நிரூபணமோ இருந்தால் ஒரு வரி, இரண்டு வரி. ராமானுஜன் ஒவ்வொன்றையும் ஸ்லேட்டில் தானே போட்டுப் பார்த்தார். வாத்தியார் இல்லாத வகுப்பு அது. இன்றைய கணக்கில் சொன்னால், சந்தேகம் கேட்க வழியில்லாத ஒரு ரெக்கார்டட் கோர்ஸ்!

அது அவரை மேதை ஆக்கியது, பிறகு மாட்டியும் விட்டது. காவிரிக்கரை அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர் கணக்கைத் தவிர எதையும் தொடாததால் உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். விட்ட படிப்பைப் பிடிக்க வந்த மாணவர்தான் அவரும். எஃப்.ஏ தேர்வில் மறுபடியும் கணக்கு மட்டும் கைகொடுத்தது. மற்றவை காலை வாரின. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தா.

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள். ஹார்டி அசந்துபோனார். கூடவே, நிரூபணம் எங்கே என்றும் கேட்டார். கடிதங்கள் போய் வந்தன, நிரூபணம் வரவில்லை. பகா எண்களைப் பற்றிய ராமானுஜனின் சில முடிவுகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும் உண்மையில் தவறு. எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதைத் தபாலில் பிடிக்க முடியவில்லை. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். அங்கே ஹார்டியும் லிட்டில்வுட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் இவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதே அவர்களுக்குப் பிடிபட்டது. உலகக் கணிதம் தெரிந்த அந்த மனிதருக்கு, இளங்கலை மாணவனுக்குத் தெரிந்த சில அடிப்படைகள் தெரியாமல் இருந்தன. யாரும் சொல்லித்தராததால் அவை விட்டுப்போயிருந்தன.

நேரில் போனதற்கு அவர் கொடுத்த விலையும் சின்னதல்ல. குளிர், போர்க்காலம், கிடைக்காத சைவச் சாப்பாடு, ஆஸ்பத்திரி. 1919-ல் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தபோது வயது 32.

"என் வயசு" என்கிறார் அந்தப் பெண். கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு போனில் மணி பார்த்துவிட்டு விறுவிறுவென்று கிளம்பிவிடுகிறார்.

ஒன்பது நாளா, நாலு நாளா?

ஜவுளிக் கடை மாடியில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு மின்விசிறி. பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். புடவையில் நாலைந்து பேர். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தவரைப் பக்கத்து நாற்காலிப் பெண், "அக்கா, முன்னாடி வாங்க, அங்க ஃபேன் காத்து வராது" என்று கூப்பிடுகிறாள். அந்த 'அக்கா'வில் பாதி பயம் போய்விட்டதாம்.

சார் முன்பு பள்ளியில் கணக்கு எடுத்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வந்ததும் பலகையில் ஒரே ஒரு கணக்கு. ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? "சொல்லித்தர மாட்டேன். போடுங்க." அவ்வளவுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடக்கிறார். வாயைத் திறப்பதில்லை, நோட்டுகளை மட்டும் பார்க்கிறார்.

நம்மவருக்கு வழிமுறை நன்றாகத் தெரியும். வீடியோவில் பலமுறை பார்த்ததுதான். முதல் ஆள் ஒரு நாளில் முடிப்பது 1/12. இரண்டாவது ஆள் 1/6. இரண்டையும் கூட்ட வேண்டும். கூட்டினார். 2/18. அதாவது 1/9. விடை, 9 நாள்.

சார் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஒரு ஆளே தனியா ஆறு நாள்ல முடிக்கிறாரு, சரியாம்மா?"

"ஆமாம் சார்."

"கூட இன்னொரு ஆள் வந்து கை கொடுத்தா ஒம்பது நாள் ஆகுமா?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு முகம் சூடாகிவிட்டது. சார் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி 1/12, 1/6 இரண்டுக்கும் கீழே ஒரு கோடு போட்டார். "மேல இருக்கறதையும் மேல இருக்கறதையும் கூட்டறீங்க. கீழ இருக்கறதையும் கீழ இருக்கறதையும் கூட்டறீங்க. பின்னத்தை அப்படிக் கூட்டக் கூடாதும்மா. அரை கிலோவும் அரை கிலோவும் சேர்ந்தா எவ்வளவு?"

"ஒரு கிலோ."

"உங்க வழியில போட்டா 2/4 வரும். அரை கிலோதான். மீதி அரை கிலோ எங்க போச்சு?"

பாத்திரக் கடையில் நாள் முழுக்கத் தராசோடு நிற்கிறவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. 1/6 என்பது 2/12. ஒன்றும் இரண்டும் மூன்று, 3/12. அதாவது 1/4. விடை, 4 நாள்.

எட்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆறு மாதத்தில் ஆப் சொல்லாத ஒன்று அந்த எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. ஆப்பின் மேல் தப்பு இல்லை. அது விடையைத்தான் பார்க்கும், 2/18 என்று எழுதிய இடத்தைப் பார்க்காது. அவர் தடுமாறியது 'காலமும் வேலையும்' பாடத்தில் இல்லை, ஆறாம் வகுப்பு பின்னத்தில்! பின்னத்தில் ஓட்டை இருந்தால் காலமும் வேலையும் ஒழுகும், விகிதமும் ஒழுகும், வட்டிக் கணக்கும் ஒழுகும். அவரும் ஒவ்வொரு பாடத்துக்கும் புது வீடியோவாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை வைத்து, நேரடி வகுப்பு என்றாலே உசத்தி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. இருநூறு பேரை மண்டபத்தில் அடைத்து மைக்கில் கைடு வாசிக்கிற வகுப்புகளும் நேரடி வகுப்புதான். அதற்கு வீடியோவே மேல், நிறுத்தவாவது செய்யலாம். இங்கே வித்தியாசத்தை உண்டாக்கியது, ஒருவர் நடந்து வந்து நோட்டைப் பார்த்தது. வீடியோ காலில் ஒருவர் அப்படி நோட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தாலும் இதே பலன் கிடைக்கலாம். ஆகவே சேருவதற்கு முன்னால் கட்டணத்தைக் கேட்பதோடு, 'சார், நான் போடற கணக்கை யார் பார்ப்பாங்க?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அதே வகுப்பில் படித்துவிட்டு ஆன்லைனுக்கு மாறிய பையன் ஒருவன் கீழே டீக்கடையில் நிற்கிறான். பி.எஸ்ஸி கணிதம் முடித்தவன். "எனக்கு அடிப்படை தெரியும்க்கா. முப்பது பேருக்காக சார் மெதுவாத்தான் போகணும், அவரு மேல தப்பு இல்ல. எனக்கு வேண்டியது டெஸ்ட் மட்டும்தான். அது போன்லயே கிடைக்குது." அவன் சொல்வதும் சரிதான். எங்கே ஓட்டை என்று தெரிந்தவனுக்கு வீடியோ போதும். தெரியாதவருக்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

வகுப்பு முடிந்து பணம் கட்டும் பேச்சு எடுத்தபோது சார் சொன்னது எதிர்பாராதது. "இன்னைக்கே கட்டாதீங்கம்மா. ஆறாவதுலேருந்து கணக்குப் புத்தகம் கிடைச்சா எடுங்க. பின்னம் மட்டும் ஒரு வாரம் போடுங்க. அடுத்த ஞாயிறு நோட்டைக் கொண்டாங்க, பார்த்துட்டு பேசுவோம்."

தாராசுரம் போகும் பஸ்

மகளிர் விடியல் பயணம் டவுன் பஸ்ஸில் தாராசுரத்துக்குக் கட்டணம் இல்லை. நேரடி வகுப்புக்கு அது ஒரு பலம். போக்குவரத்துச் செலவு என்ற வரியே பட்ஜெட்டில் இல்லை. ஆனால் மற்ற வரிகள் இருக்கின்றன. 3,500 ரூபாய். ஆப்புக்குக் கட்டிய 2,999-க்கு மகளிர் குழுத் தவணை இன்னும் நாலு மாதம். எல்லாவற்றுக்கும் மேல், ஞாயிறு.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான். மாமியாருக்கு முட்டி வலி. அந்த ஒரு நாள்தான் சமையலறையில் இருந்து அவருக்கு ஓய்வு. முதல் நாள் ராத்திரி இதுதான் பேச்சாக இருந்ததாம். "போன்லயே படிக்கறேன்னுதானே காசு கட்டுன? இப்போ நேர்ல போகணும்னா எப்படிம்மா?" என்றார் மாமியார். கேள்வியில் நியாயம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. கணவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "டெமோதானே, போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணிக்கு வீடு திரும்பியபோது மாமியார் சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சமைத்ததில் கால் வீங்கியிருந்தது. மருமகள் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தை. எனக்கு ஆறாங்கிளாஸ் கணக்கே தெரியலையாம்."

"அடப்பாவமே!"

"பாப்பாவோட போன வருஷப் புத்தகம் இருந்தா போதும்னாரு. பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டோமே."

மாமியார் பதில் சொல்லவில்லை. சாப்பாடெல்லாம் முடிந்து, குட்டியானைக்காரர் சவாரிக்குக் கிளம்பிய பிறகு பேத்தியை அழைத்துப் பரணைக் காட்டினார். பித்தளைக் குடத்துக்குப் பின்னால் ஒரு பழைய உரச்சாக்கு. அதில் ஒன்றாம் வகுப்பில் இருந்து பேத்தியின் புத்தகங்கள் அத்தனையும். கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குக் கேட்டார்கள், மனசு வரவில்லை என்றார்.

இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவு இது. தமிழும் பொது அறிவும் ராத்திரி பதினோரு மணிக்குப் போனிலேயே. கணக்கு மட்டும் ஞாயிறு மாடியில், பணத்தை இரண்டு தவணையாகக் கேட்டுப் பார்ப்பது. முகூர்த்த ஞாயிறுகளில் கடைக்குப் போக வேண்டி வந்தால் அன்றைய நோட்டைப் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் வாங்கிக்கொள்வது. அவள் நம்பர் கொடுத்திருக்கிறாள். ஞாயிறு சமையல் விடியற்காலையிலேயே முடித்துவிடுவதாக அத்தையிடம் ஒப்பந்தம். சாம்பார் மட்டும் ஆறிப்போகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.

ஆறாம் வகுப்பு, மூன்றாம் பருவம், கணக்கு. முதல் பாடமே பின்னங்கள். ஓரமெல்லாம் மகள் பூ வரைந்து வைத்திருக்கிறாள். கட்டங்களில் பென்சிலால் விடைகள் எழுதியிருக்கிறாள், பெரும்பாலும் சரியாக.

"அம்மா, நானே சொல்லித்தரட்டுமா?"

"நீ பக்கத்துல உட்காரு. நான் போடறதை மட்டும் பாரு."

சொல்லிவிட்டு, அழிரப்பரை எடுத்து மகள் எழுதிய விடைகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பிக்கிறார்.